ரோட்டர் என் சட்டைப் பையில் இருந்தது

காலை ஐந்தரைக்கு எழுவேன். குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடிப்பேன். ஸ்டவ்வில் காப்பி. முன்பு இரண்டு டம்ளர், இப்போது ஒன்று. சவரம், குளியல். ஆறு நாற்பதுக்கு ஷெட்டைத் திறந்து காரைத் துடைப்பேன். பானெட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரோட்டரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். ஷெட்டைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் மில்லுக்குப் போவேன். ஏழு மணி ஷிப்ட்.

இவ்வளவும் என் டைரியில் இருக்கிறது. இனிமேல் சொல்லப்போவதும் அதே டைரியில், அதே பேனாவால் எழுதியதுதான். 1962 ஜனவரியில், கோயமுத்தூர் பீளமேட்டில், எனக்கு நடந்தது. என் பெயர் ரங்கராஜ். எஞ்சினீயரிங் படித்தவன். இதற்கு முன் பேய் என்று யாராவது சொன்னால் சிரித்திருக்கிறேன்.

ரோட்டர் என்பது கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புத் துண்டு. அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரை எத்தனை தடவை இழுத்தாலும் எஞ்சின் வெறுமனே சுற்றும், பிடிக்காது. சாவி வைத்திருக்கிறவன்கூட வண்டியை ஒரு அடி நகர்த்த முடியாது. கார்த் திருட்டுக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. அதனால் கார்க் கதவுகளை நான் பூட்டுவதே இல்லை.

கார் பழைய ஆஸ்டின். என் மனைவி ராமாமணிக்கு அவள் அப்பா கொடுத்த சீர். தேர்ந்தெடுத்து, ஓட்டிப் பார்த்து, சூலூரிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவன் அழகிரிசாமி. அவளுடைய அத்தை மகன். முறை மாப்பிள்ளை. சூலூரில் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். நான் படித்தவன் என்பதால் பெண்ணை எனக்குக் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் அவனுக்குத்தான்.

இதைக் கல்யாணப் பந்தலிலேயே மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள்.

1961 ஆகஸ்டில் ஒருநாள் மைல் மீட்டரில் பதினொரு மைல் கூடியிருந்தது. ஆசனம் முன்னால் தள்ளியிருந்தது. உள்ளே பீடி நாற்றம். கேட்டேன். "அழகிரி மாமன் வந்துச்சுங்க. ஓட்டறதுக்குச் சொல்லிக் கொடுக்குது" என்றாள். எதற்கு என்றேன். "சும்மாதானுங்க" என்றாள். சிரித்தாள். எனக்காக அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை முதல் ரோட்டரைக் கழற்றினேன். ஊரில் கார் களவு போகிறது, ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. அக்டோபர் 12, வியாழக்கிழமை, நான் மில்லில் இருந்தபோது இழுப்பு வந்து இறந்துபோனாள். எனக்குத் தகவல் வந்தபோது மணி 3.15. வீட்டுக்கு வந்தபோது 3.30. கூடத்தில் பாயில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டு சுப்பாத்தாள்தான் கடைசிவரை கூட இருந்தவர். "உங்க பேரைச் சொல்லிட்டேதானுங்க போச்சு அம்மணி" என்றார். எல்லோரும் அதையே சொன்னார்கள்.

நான் அழவில்லை. அந்த வாரக் கடைசியில் காரைத் துடைக்கப் போனேன். பாட்டரி செத்திருந்தது. ஆசனம் முன்னால் தள்ளியிருந்தது. அப்படியானால் அவன் சமீபத்தில் வந்திருக்கிறான். அந்த நாளிலேயே வந்திருக்கலாம். எனக்கு அழுகைக்குப் பதில் அதுதான் வந்தது.

ஜனவரி 3. மாமனார் கடிதம். குழந்தை இல்லாமல் பெண் போய்விட்டால் சீரைத் திருப்பிவிடுவது எங்கள் வழக்கம். "தை ஏழாம் தேதி அழகிரிசாமி வந்து வண்டியை எடுத்துக்கொள்வான்."

நகை, பாத்திரம் எல்லாம் அன்றைக்கே கட்டி அனுப்பினேன். கார் மட்டும் இல்லை. அவள் கை பட்ட ஸ்டியரிங்கில் அவன் கை வைப்பதை நினைக்கவே முடியவில்லை.

ஜனவரி 8, மாலை நான்கு மணி. ஷெட் பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே ஆசனம் முன்னால் தள்ளியிருந்தது. காலையில் நானே பின்னால் தள்ளி வைத்தது.

பாட்டரி இறங்கியிருந்தது. ராத்திரி சார்ஜ் ஏற்றி வைத்தேன்.

ஜனவரி 9. அதே.

ஜனவரி 10. புதுப் பூட்டு வாங்கினேன். பழையதற்கு வீட்டில் ஒரு மறுசாவி உண்டு; இதற்குச் சாவி ஒன்றுதான், என் அரைஞாணில். மாலையில் பூட்டு அப்படியே. ஆசனம் முன்னால். பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியும் திருப்பப்பட்டிருந்தது. நான் உட்கார்ந்து பார்த்தால் பின் ஆசனம்தான் தெரிந்தது. உயரம் குறைந்த ஒருவர் பார்ப்பதற்காகத் திருப்பிய கண்ணாடி.

அழகிரிசாமி ஆறடி.

அப்படியானால் யாரையோ கூட்டி வருகிறான். அவள் உட்கார்ந்த இடத்தில் இன்னொருத்தியை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறான்... இப்படித்தான் நினைத்தேன். பூட்டைத் திறக்காமல் எப்படி வந்தான் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, பொங்கலன்று, சூலூர் போனேன். அவன் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"வாங்க மாப்ளைங்க. நோம்பியும் அதுவுமா..."

"பட்டப்பகலில் என் ஷெட்டுக்கு எதற்கு வருகிறாய்?"

"நானுங்களா? புரட்டாசியோட செரி. அப்புறம் உங்க ஊட்டுப் பக்கம் காலு வெக்கலீங்க."

"பொய்."

அவன் முகம் மாறவில்லை. "மாப்ளைங்க, வண்டி எடுக்கறவன் ராத்திரில வருவானா, பட்டப்பகல்ல வருவானா? சனிக்கெழம எப்படியும் அது என்ற கைக்குத்தான் வருது. அதுக்குள்ள நானே களவாங்கோணுமா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பஸ் ஏறிவிட்டேன்.

ஜனவரி 18, வியாழன். அரைநாள் லீவு போட்டேன். வழக்கம்போல் காலையில் ரோட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனேன். ஒரு மணிக்குத் திரும்பினேன். சுப்பாத்தாளைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

"நான் காருக்குள் படுத்துக்கொள்கிறேன். வெளியே பூட்டிவிடுங்கள். மூன்றரைக்குத் திறந்தால் போதும்."

"எதுக்குங்க சார்?"

"மத்தியானத்தில் யாரோ வந்து ஸ்டார்ட்டரை இழுக்கிறார்கள். கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன்."

சுப்பாத்தாள் சாவியைத் திருப்பி நீட்டினார்.

"வேண்டாமுங்க சார். மத்தியானம்... அந்த நேரத்துல உள்ள போவாதீங்க."

"எந்த நேரம்?"

நான் உள்ளே போய்விட்டேன். கொஞ்சம் கழித்துப் பூட்டு விழும் சத்தம் கேட்டது.

1.50. பின் ஆசனத்துக்குக் கீழே, தரையில் படுத்துக்கொண்டேன். கதவுக் கண்ணாடிகள் நான்கையும் இறக்கிவிட்டிருந்தேன். தகரக் கூரை வெயிலில் படபடத்தது. கதவு இடுக்கு வழியே ஒரு கோடு வெளிச்சம். கைக்கடிகாரத்தைப் பார்க்க அது போதுமானதாக இருந்தது.

2.15. ஒன்றுமில்லை. தூரத்தில் மில் சத்தம்.

2.30. வேர்த்துக் கொட்டியது. அவன் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

2.38. கூரைச் சத்தம் நின்றது. மில் சத்தமும் நின்றது. மில் ஒருபோதும் நிற்காது.

2.40. முன் கதவு திறந்தது.

ஷெட் கதவு அல்ல. கார்க் கதவு.

ஷெட் பூட்டியிருந்தது... இடுக்கு வெளிச்சம் அசையவில்லை... யாரும் குறுக்கே வரவில்லை.

முன் ஆசனத்தின் ஸ்பிரிங் அமுங்கியது. என் முகத்துக்கு அரையடி தூரத்தில்.

கடக்... கடக்...

ஆசனம் முன்னால் நகர்ந்தது. இரண்டு பல்.

பிறகு ஸ்டார்ட்டர்.

க்ர்ர்... க்ர்ர்... க்ர்ர்...

நின்றது. மறுபடி.

க்ர்ர்ர்... க்ர்ர்ர்...

இடையில் இன்னொரு சத்தம். முதலில் அதுவும் எஞ்சின் என்று நினைத்தேன். இல்லை. அது மூச்சு. உள்ளே போக முடியாமல் விசிலடிக்கும் மூச்சு. இரண்டு வருஷம் என் பக்கத்துத் தலையணையில் கேட்ட சத்தம்.

ராமாமணி.

பயத்துக்கு முன்னால் எனக்கு வந்தது வேறு. வெட்கமில்லாமல் எழுதுகிறேன். தொண்ணூற்றெட்டு நாள் அந்த வீட்டில் விளக்கை அணைக்காமல் படுத்திருக்கிறேன். ஒரு தடவை அவள் உள்ளே வரவில்லை. அவள் துணி இருந்த பெட்டியை மோந்து பார்த்திருக்கிறேன். வரவில்லை. ஆனால் காருக்கு வருகிறாள். தினமும் வருகிறாள். அவன் கொண்டுவந்து நிறுத்திய காருக்கு.

க்ர்ர்... ர்ர்...

பாட்டரி தளர்ந்தது. மூச்சும் தளர்ந்தது.

கையைப் பைக்குள் விட்டேன். ரோட்டர் சூடாக இருந்தது. அதை எடுத்து முன் ஆசனத்துக்கு மேலே நீட்டினேன்.

"இந்தா" என்றேன்.

உள்ளங்கையில் மூச்சு பட்டது.

குளிர்ந்த மூச்சு.

அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்டார்ட்டர் நின்றது. மூச்சு நின்றது.

2.53.

முடிந்தது என்று நினைத்தேன்...

முன் கதவுக் கண்ணாடி மேலே ஏறத் தொடங்கியது. கீச்... கீச்... கைப்பிடி தானாகச் சுற்றியது.

டக். கதவு பூட்டிக்கொண்டது.

இடது பக்கம். கீச்... கீச்... டக்.

பின்னால். என் காலருகே. டக்.

பிறகு என் தலைக்கு மேலே.

கீச்...

கீச்...

டக்.

மூன்றரைக்குச் சுப்பாத்தாள் ஷெட்டைத் திறந்தார். மூடிய கண்ணாடிகளுக்குள் நான் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேனாம். கைப்பிடி எங்கே என்றுகூடத் தெரியவில்லை. அவர் கண்ணாடியைத் தட்டி, கைகாட்டி, நான்தான் திறந்தேன். வெளியே வந்து வாந்தி எடுத்தேன்.

சுப்பாத்தாள் என்னைப் பார்க்கவில்லை. நான்கு கதவுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களா சார் பூட்டுனீங்க?"

"இல்லை."

அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். அக்டோபர் 12 மத்தியானம் இழுப்பு வந்ததும் அம்மணி நேராகக் காருக்குத்தான் போனாள். ஆஸ்பத்திரிக்குத் தானே ஓட்டிப் போய்விடலாம் என்று. புருஷன் ஷிப்டில் இருக்கும்போது இழுப்பு வந்தால் யாரையும் எதிர்பார்க்கக் கூடாது என்றுதான் அழகிரிசாமியிடம் ஓட்டக் கற்றுக்கொண்டாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகவர பதினொரு மைல். ஒரு தடவை போயும் பார்த்தார்களாம்.

"அந்தச் சாமான் உங்க பையில இருக்குதுன்னு அம்மணிக்கு ஓரொரு சமயம் மறந்துபோயிரும் போலிருக்குதுங்க. இழுத்துட்டே இருந்துச்சு. கால் மணி நேரம். எங்க ஊட்டுக்காரர் உங்களைக் கூப்புட மில்லுக்கு ஓடுனாரு. கேட்டுல உள்ள விடலைங்க..."

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழகிரிசாமி வந்தான். ரோட்டரை அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இதை எதுக்குங்க களட்டி வெச்சிருக்கீங்க?" என்றான். திருட்டுப் பயம் என்றேன். மாட்டினான். ஒரே இழுப்பில் வண்டி பிடித்தது. வியாழக்கிழமையிலிருந்து செத்துக் கிடந்த பாட்டரி அது.

வண்டி தெருமுனை திரும்பும்போது கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. பக்கத்து ஆசனத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ஏன் பார்த்தான் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

அன்று சாயங்காலம் சுப்பாத்தாள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"கடைசியில் என் பெயரைச் சொன்னதாகச் சொன்னீர்களே."

அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க. கேக்கறவங்களுக்கு ஆறுதலா இருக்கும்னு."

"நிஜமாக என்ன சொன்னாள்?"

"ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு நானும் இன்னும் ரெண்டு பொம்பளைங்களும் கைத்தாங்கலா எறக்குனமுங்க. அப்பச் சொல்லிச்சு. ஆனா சார்... அம்மணியத் தூக்கறதா, அதைப் பார்க்கறதா? நான் செய்யலீங்க. சத்தியமா அன்னைக்கு நான் செய்யலீங்க."

"என்ன சொன்னாள்?"

மூச்சு வாங்க, ஷெட்டைத் திரும்பிப் பார்த்து, அவள் சொன்னது இது:

"அக்கா... கண்ணாடியெல்லாம் ஏத்தி, நாலு கதவையும் பூட்டிப்போடுங்க. களவு போயிருச்சுன்னா அவங்களுக்குத் தாங்காதுங்க."