மலைக்கு நேர்ந்துவிட்ட முழங்கால்

முன்னறையில் பட், பட்டென்று விரல்களில் சொடக்கு எடுக்கும் சத்தம் கேட்டது. கந்தப்பன் வந்துவிட்டார்! மயிலாளின் கணவனுக்கு அண்ணன். பத்து விரலும் சொன்ன பேச்சுக் கேட்கும் பாக்கியவான். உள்ளே கட்டிலில் கிடந்த அவளுக்கோ சோறு பிசையக்கூட விரல் மடங்காது.

"சென்னியப்பா, நாளைக்கு அம்மிணிய ஆபரேசனுக்குக் கூட்டிப் போகாதே. பழனிக்குப் படியேற நேர்ந்துட்டேன்."

மயிலாள் பல்லைக் கடித்தாள். பழைய கதை!

நல்லூர் பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டியவள் அவள். விரல்கள் வீங்கின. முடக்குவாதம் என்றார் டாக்டர். "விரலோடு நிற்காது, முழங்கால், தோள் எல்லாவற்றையும் அரிக்கும், மாத்திரையை நிறுத்தாதே." சாப்பிட்டாள், வீக்கம் வடிந்தது. உடனே, நோயை விரட்டியது தன் வேண்டுதல்தான் என்று கிளம்பினார் கந்தப்பன். அவளைக் கேட்காமலே அவள் காலைச் சிவன்மலை முருகனுக்கு நேர்ந்துவிட்ட மகராசன்! விரதத்தில் மாத்திரை ஆகாது என்றார். நிறுத்தினாள், பேதை. தீயாய்ச் சுட்ட முழங்காலோடு படியேறினாள். 'சாமி மேல நம்பிக்கை இல்லையா' என்ற பேச்சுக்குப் பயந்து, பிறகும் மாத்திரையைத் தொடவில்லை. வருடங்கள் ஓடின. மூட்டு தேய்ந்து கால் கோணியது. ஒரு தோளும் செயலிழந்தது. இனி மூட்டை மாற்றினால்தான் நடை.

"அண்ணன் சொல்றதும்..." என்று முன்னறையில் கணவன் சென்னியப்பன் இழுப்பது கேட்டது. இவனும் ஒரு ஆண்பிள்ளை!

தடியைக் கக்கத்தில் இடுக்கி ஊன்றி, சுவரில் சாய்ந்து சாய்ந்து அவள் முன்னறைக்கு வந்தாள்.

"ஏனுங்க மாமா, யாரு கால நேர்ந்தீங்க?"

"உன்ற காலத்தான் அம்மிணி. போன தடவ உம் மனசு சுத்தமில்ல. அதான் பலிக்கல."

"உங்க மனசு சுத்தமுங்களே. நீங்களே ஏறிட்டு வாங்க."

"நானா? மூச்சு வாங்குது அம்மிணி. மாடிப்படியே ஏறப்படாதுன்னு டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு."

"மாத்திரைங்களா?" மயிலாள் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. "சாமி காரியத்துக்கு ஆகாதுங்களே மாமா! இன்னைக்கே நிறுத்திப் போடுங்க."

கந்தப்பன் தம்பியைப் பார்த்தார். சென்னியப்பன் தலை குனிந்தபடி எழுந்து, ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வந்து வாசற்படி அருகே வைத்தான்.

"பொம்பள பேச்சக் கேட்டு ஊடு உருப்பட்டாப்பலதான்!" செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கந்தப்பன் இறங்கினார்.

மயிலாள் வலிக்காத தோளால் கதவைத் தள்ளிச் சாத்தினாள். தாழ்ப்பாளுக்கு விரல் மடங்கவில்லை. சென்னியப்பன் வந்து போட்டான்.