நேசன் அண்ணை ஏற்காத பறப்பு

வன்கூவரில் விமானத்தை இறக்கிவிட்டு விடுதி அறைக்குள் நுழைந்தபோது ரெலிபோனின் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து என் மனைவி சுகந்தி எடுத்திருந்தாள். திருப்பி அழைத்தேன். “இஞ்சேருங்கோ, நேசன் அண்ணை எங்களை விட்டிட்டுப் போயிட்டார். காலமை மாரடைப்பாம்” என்றாள். அடுத்த நாள் ரொறன்ரோவுக்குத் திரும்பும் வழியில் என்னோடு பறந்த கப்டனிடம் விஷயத்தைச் சொன்னேன். “பிடிவாதக்காரன்” என்றார். பிறகு, “நல்ல பிடிவாதம்” என்றார்.

நேசன் அண்ணையை, அதாவது கப்டன் சிவநேசனை, உங்களில் பலர் கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு ஓடித்திரிந்தவராகவே அறிவீர்கள். நான் அவரை வேலையிடத்தில் அறிந்தவன்.

அப்போது நான் சிறிய கம்பெனியில் விசிறி பூட்டிய சிறு விமானங்கள் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வடக்கே உள்ள சட்பரி நகரிலிருந்து வந்து இறங்கியதும், பயணியாக வந்த ஒருவர் விமானி அறைக்குள் தலையை நீட்டினார். “தம்பி, காத்தோடை சண்டை பிடிக்காமல் இறக்கினீர். சந்தோசம்” என்றார். அவரும் விமானி, பெரிய கம்பெனியில் ஜெற் ஓட்டுபவர் என்று பிறகுதான் சொன்னார். அடுத்த ஞாயிறே யூனியன்வில்லில் அவர் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு.

சிறிய கம்பெனியும் பெரிய கம்பெனிக்கே சொந்தம். பயணியின் கையில் ஒரே ரிக்கற்; விமானத்தின் வாலில் ஒரே நிறம். விமானிகளுக்கு மட்டும் இரண்டு பணிமூப்புப் பட்டியல்கள். எந்த விமானம், எந்த நாள் லீவு, எப்போது கப்டன் என்பதையெல்லாம் அந்தப் பட்டியலில் உள்ள இடம்தான் தீர்மானிக்கும். எங்களில் ஒருவர் பெரிய கம்பெனிக்குப் போனால், எத்தனை வருடம் பறந்திருந்தாலும் அங்கே கடைசி ஆள். இரண்டு பட்டியல்களையும் ஒன்றாக்குங்கள் என்று நாங்கள் கேட்டோம். பெரிய கம்பெனி விமானிகள் அதைப் பின்கதவால் நுழையும் வேலை என்றார்கள்.

நேசன் அண்ணை என் பக்கம் நிற்பார் என்று நம்பி அவர் வீட்டுக்குப் போய்ப் பேச்செடுத்தேன். “நான் இதுக்கு எதிர்” என்றார். “ரண்டு தரம் என்னை வேலையாலை நிப்பாட்டினவங்கள். பிறம்ரனிலை வெயர்ஹவுசிலை பெட்டி தூக்கினனான். திருப்பிக் கூப்பிடுவாங்கள் எண்டு காத்துக்கொண்டிருந்து பட்டியலிலை பிடிச்ச இடம் இது. நீர் வந்து எனக்கு முன்னாலை நிண்டால் நான் என்ன செய்யிறது?”

“அப்ப நாங்கள் எப்பவும் சின்ன ஆக்களோ அண்ணை?”

“அப்பிடி நான் சொல்லேல்லை. ஆனால் உமக்கு நல்லாயிருக்கவேணும் எண்டு பொய் சொல்லவும் மாட்டன்.”

அவர் மனைவி ராஜி அக்கா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினோம். விமான நிலைய வாசலில் கோரிக்கை எழுதிய மட்டைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். மூச்சு மீசையில் பனியாக உறைந்தது. நாங்கள் பறப்பதை நிறுத்திய ஊர்களுக்குப் பெரிய கம்பெனி தன் ஜெற்றுகளை அனுப்ப முயன்றது. சட்பரிக்குப் போகச் சொல்லி நேசன் அண்ணைக்கு அழைப்பு வந்தது. அவர் மறுத்துவிட்டார். அன்று மத்தியானமே, சீருடைக் கோட்டோடு எங்கள் வரிசைக்கு வந்து நின்றார். எங்களில் சிலர் அவரைப் பார்த்து ஏளனமாய்க் கூவினார்கள். அவர் கோபிக்கவில்லை. கையிலிருந்த பெட்டியைத் திறந்து, ராஜி அக்கா பொரித்த றோல்சை ஒவ்வொருவருக்கும் நீட்டினார்.

“நீங்கள் எங்களுக்கு எதிரெண்டுதானே சொன்னனீங்கள். பிறகேன் வந்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“எதிர்தான். இப்பவும் எதிர்தான். ஆனால் அந்த வேலை உங்கடை வேலை. அதை நான் எடுக்கமாட்டன்.”

அதற்கு அவர் விலை கொடுத்தார். வசந்தத்தில் தொடங்கவிருந்த அவருடைய கப்டன் பயிற்சி காரணம் சொல்லப்படாமல் தள்ளிப்போனது. கூடப் பறந்த சிலர் கல்கரிவரை வானிலையைத் தவிர வேறொன்றும் அவரோடு பேசவில்லை. இதையெல்லாம் ராஜி அக்காதான் சுகந்தியிடம் சொன்னார்.

வேலைநிறுத்தம் முடிந்தது. சம்பளம் சற்றுக் கூடியது. பட்டியல்கள் இரண்டாகவே இருந்தன. அடுத்த வருடம் பெரிய கம்பெனி ஆள் எடுக்கத் தொடங்கியதும் நேசன் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“விண்ணப்பம் போடும்.”

“இஞ்சை கப்டனாய் இருந்துபோட்டு அங்கை கடைசி ஆளாய்ப் போய் நிக்கவோ?”

“ஓம். கோபம் நியாயம்தான். ஆனால் அதை நம்பிச் சீவிக்கேலாது, தம்பி.”

குசினிக்குள்ளிருந்து சுகந்தி, “அண்ணை சொல்லுறது சரி” என்றாள். போட்டேன். எடுத்தார்கள்.

நான் சேர்ந்தபின் நடந்த முதல் சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து ஒரு யோசனை சொன்னார்: பட்டியலை ஒன்றாக்க வேண்டாம், ஆனால் புதிதாக ஆள் எடுக்கும்போது சிறிய கம்பெனி விமானிகளுக்கே முதலிடம் கொடுக்கவேண்டும். மண்டபம் இரைந்தது. வாக்கெடுப்பில் அங்கங்கே சில கைகள்தான் உயர்ந்தன. பின்வரிசையில் நானும் கை உயர்த்தினேன். தோற்ற மனிதர் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார். “பரவாயில்லை. போன வருசம் சொல்லியிருந்தால் என்ரை கை மட்டும்தான் நிண்டிருக்கும்” என்றார்.

அதன்பின் அவர் கப்டனும் ஆனார். அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரேயொருமுறை, ஹலிஃபாக்சுக்கு, பறந்தேன். வழி முழுக்கப் பட்டியலைப் பற்றியே வாதாடினோம். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இறங்கியதும் மீன் சாப்பிட என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

மரணச்சடங்குக்கு இரண்டு கம்பெனி விமானிகளும் வந்திருந்தார்கள். அவரோடு பேசாமல் பறந்தவர்களில் ஒருவர் ராஜி அக்காவின் முன் வெகுநேரம் தலை குனிந்து நின்றார்.

நேசன் அண்ணை என் கோரிக்கையை ஒருநாளும் ஏற்கவில்லை. என் சோற்றில் கை வைக்கவும் இல்லை. ஒருவரோடு முழுக்க முரண்பட்டுக்கொண்டே அவருக்குத் துணையாக நிற்கலாம் என்பதை அவரிடம்தான் கண்டேன். அதை நான் வைத்துக்கொள்கிறேன். பட்டியலைப் பற்றி மட்டும் நீங்கள் சொன்னது பிழைதான், அண்ணை.