வெயிலில் வெந்த சோறு

என் வீட்டுக்காரருக்குத் திருச்சியிலிருந்து மைசூர் ரயில்வே வேலைக்கு மாற்றல் வந்தபோது, கட்டில், பீரோ, அம்மி எல்லாம் லாரியேறி வந்து சேர்ந்தன. கேஸ் மட்டும் வரவில்லை. அங்கே சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துக் காகிதம் வாங்கி வந்து இங்கே நீட்டினால், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். வாரா வாரம் போய் வந்தோம். ரேஷன் கார்டும் மாறவில்லை. குவைத்தில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம் அது. எவனோ பாலைவனத்தில் குண்டு போட்டால் என் அடுப்படியில் சீமெண்ணெய் தீர்ந்துபோகும் என்று அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.

பம்ப் ஸ்டவ் ஒன்று இருந்தது. கடைக்காரரிடம் பல்லைக் காட்டி வாங்கி வந்த சீமெண்ணெயை அதில் ஊற்றி, காலையில் காப்பிக்கும் சாயங்காலச் சமையலுக்கும் மட்டும் பற்றவைப்பேன். மத்தியானத்துக்கு என்ன வழி என்று நான் கத்திய கத்தலில்தான் அவர் ஒரு நாள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சூரிய அடுப்பாம். பார்த்தால் தகர டிரங்குப் பெட்டி. உள்ளே கறுப்பு வர்ணம், மேலே இரட்டைக் கண்ணாடி, அதற்கும் மேலே ஒரு மூடி. மூடியின் உள்பக்கம் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருந்தது. கூடவே நாலு கறுப்பு டப்பா. அரிசியும் தண்ணீரும் போட்டு உள்ளே வைத்து, மூடியைச் சாய்த்து வெயிலைப் பெட்டிக்குள் திருப்பிவிட்டால் சோறு தானே வெந்துவிடும் என்றார்.

"சூரியன் எந்த நாட்டுக்காரனுக்கும் சொந்தமில்லடி. எவனும் சண்டை போட்டு நிறுத்த முடியாது."

"எவனும் நிறுத்த வேண்டாம், அவரே சாயங்காலம் கடையைச் சாத்திட்டுப் போயிடறாரே. காலையில காப்பி போட அவரை யாரு எழுப்பறது, நீங்களா?"

உள்ளதைச் சொல்ல வேண்டும். சோறு வெந்தது. பருப்பு குழைந்தது. அடிபிடிக்கவில்லை, பொங்கி வழியவில்லை. ஆனால் மூன்று மணி நேரம் பிடித்தது, மேகம் வந்தால் இன்னும் கூட. தோசை கிடையாது, அப்பளம் கிடையாது, ஒரு கடுகு தாளிக்க முடியாது. தாளிக்காத சாம்பாரை முதல் நாள் வாயில் வைத்தபோது எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. கேஸ் என்றால் திருகினால் எரியும், நம் பேச்சைக் கேட்கும். இதற்கு நாம்தான் கட்டுப்பட வேண்டும். வெயில் நகர நகர, போய்ப் போய்ப் பெட்டியைத் திருப்பி வைக்க வேண்டும்.

நாங்கள் குடியிருந்தது மாடிப் போர்ஷன். முன்னால் மொட்டை மாடி. அதற்குக் கிழக்கே, ஒரு சந்து தாண்டி எதிர்வீடு. அந்த வீட்டு மாடியில் எங்களைப் பார்த்தாற்போல ஒரே ஒரு ஜன்னல், உள்பக்கம் கறுப்புக் காகிதம் ஒட்டிச் சாத்தியே கிடக்கும். காலை வெயிலுக்குப் பெட்டியைக் கிழக்குப் பார்த்து வைக்கும்போது, மூடி கொஞ்சம் அதிகமாகப் பின்னால் சாய்ந்துவிட்டால், கண்ணாடி வெயிலை அள்ளி நேரே அந்த ஜன்னல்மேல் போடும். தலையணை அளவு வெளிச்சம். நான் மூடியை ஆட்டினால் அதுவும் ஆடும்.

காகிதம் ஓர் ஓரத்தில் கிழிந்திருந்தது. ஒரு நாள் வெளிச்சம் சரியாக அந்தக் கிழிசலில் விழுந்தது. உள்ளே விரல்கள் தெரிந்தன. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள். ஒன்றோடொன்று ஒட்டிப்போய், எது எந்த விரல் என்று தெரியாமல் இருந்தன. வெயில் பட்டதும் மெல்ல உள்ளே போய்விட்டன. மூடியைப் படாரென்று சாத்திவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம், எப்போதும் சாத்தியே கிடக்கும் அந்த ஜன்னல் லேசாகத் திறந்திருந்தது. ஸ்டவ்வில் சீமெண்ணெய் ஊற்றிப் பம்ப் அடித்தேன். ஸ்டவ் புஸ்ஸென்று பற்றி இரைந்ததுதான் தாமதம், எதிர்ப்பக்கமிருந்து ஒரு முனகல் கிளம்பியது. மனுஷக் குரல்தானா என்று சொல்லமுடியாத நீளமான முனகல். ஸ்டவ்வை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கியது. திரும்பப் பற்றவைத்தேன். திரும்பவும் கேட்டது. அன்றைக்கு மீந்த சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டோம்.

"பூனையா இருக்கும்," என்றார் அவர். "கேஸ் வராத கோபத்துல உனக்குப் பேய் பிடிச்சிருச்சு போல."

"பிடிச்சா முதல்ல உங்களைத்தான் அறையும், பார்த்துக்குங்க."

கேலி பேசினேனே தவிர, பயம் போகவில்லை. மறுநாள் நாலு மணிக்கு அது கூடியது. எங்கள் அடுப்படி ஜன்னலும் கிழக்குப் பார்த்தது, அந்த நேரத்துக்கு உள்ளே இருட்டிக் கிடக்கும். அந்த இருட்டுச் சுவரில் வட்டமாக ஒரு வெளிச்சம் வந்து நின்றது. மேற்கே இறங்கிய வெயில் எதிர்வீட்டு ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் அன்றைக்கும் இத்தனூண்டு திறந்திருந்தது. அங்கிருந்துதான் யாரோ வெயிலைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வட்டம் நடுங்கிக்கொண்டே அலமாரி மேல் ஊர்ந்தது, டம்ளர்களைத் தடவியது, கடைசியில் ஸ்டவ்மேல் போய் நின்றது. நான் தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். வெளிச்சம் என் கைமேல் பாய்ந்து துடிதுடித்தது. தீப்பெட்டியைக் கீழே வைத்தேன். வெளிச்சம் போய்விட்டது.

அதற்குப் பிறகு சாயங்காலத்தில் ஸ்டவ்வைப் பற்றவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ராத்திரிச் சோற்றையும் பகலிலேயே பெட்டியில் வேகவைத்து எடுத்து வைத்தேன். காலைக் காப்பிக்குக்கூட அவர்தான் ஸ்டவ்வைக் கூடத்துக் கோடிக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு பற்றவைப்பார்.

எதிர்வீட்டம்மா தமிழ்நாட்டு எல்லையோரத்து மார்டள்ளிப் பக்கத்துக்காரர், கொங்குத் தமிழ் பேசுவார். காய்கறி வண்டி பக்கத்தில் நின்றபோது கேட்டே விட்டேன். "உங்க வீட்டு மாடியில யாருங்க இருக்கா?"

"யாருமில்லீங்களே," என்றார். "தட்டுமுட்டுச் சாமான் போட்டு வெச்சிருக்குதுங்க." சொல்லிவிட்டு, எடுத்து வைத்த கொத்தமல்லியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

நாலைந்து நாள் கழித்து அவரே உச்சி வேளையில் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். என்னைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மிணி, இதுல நெருப்பே இல்லீங்களா?"

"இல்லைங்க, வெயில்தான்."

"சீமெண்ணெய் கீமெண்ணெய்?"

"ஒண்ணும் கிடையாதுங்க. வேணும்னா கிட்ட வந்து பாருங்க."

குனிந்து முகர்ந்து பார்த்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். "ஒரு தட்டு சோறு குடுங்க அம்மிணி. எம் புள்ளைக்கு."

அன்றுதான் விஷயம் தெரிந்தது. மூத்த மகளாம். பெங்களூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் ஸ்டவ் வெடித்துக் கழுத்து, மார்பு, இரண்டு கை, பாதி முகம் வெந்துபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவள் அதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்பில் வைத்து இறக்கிய எதையும் தொடுவதில்லை. பாலும் வாழைப்பழமும் ஊறவைத்த அவலும்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தன.

"மூஞ்சி பாக்குற கண்ணாடியெல்லாம் எடுத்து ஒளிச்சு வெச்சிட்டனுங்க. அவல் திங்குற எவர்சில்வர் தட்டத்தை வெயில்ல காட்டிக்கிட்டு சன்னல்லயே உக்காந்திருக்குறா. ஸ்டவ்வு வெடிச்ச சத்தத்துக்குப் பயந்துக்கிட்டா, போகப் போகச் சரியாயிரும்னு அவங்கப்பா சொல்றாரு. யுகாதி கழிஞ்சு மாப்பிள்ளை வந்து கூட்டிக்கிட்டுப் போறாராமா. இவரும் சரின்னுட்டாரு. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசாத புள்ளையை எப்புடீங்க அனுப்பறது?"

இந்தக் குழந்தையையா பேய் என்று நினைத்துப் பயந்தோம் என்று என்மேலேயே கோபம் வந்தது. சோறும் பருப்பும் போட்டுக் கொடுத்தேன். தட்டு கழுவித் திரும்பி வந்தது, ஒரு பருக்கை மீதியில்லை என்றார் அந்த அம்மா. அப்புறம் தினமும் ஒரு தட்டு போனது.

பிறகு ஒரு நாள் தட்டை வாங்க அவளே வந்தாள். முக்காடு போட்டிருந்தாள். முதல்முறை பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடிக்குள் ஆவி படிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான் வாய் ஓயாமல் பேசுவேன், விலைவாசி, வீட்டுக்காரர், எல்லாம். அவள் தலையாட்டுவாள், அவ்வளவுதான். சில நாளில் நான் வெளியே வருவதற்குள் பெட்டியை வெயில் பக்கம் திருப்பி வைத்திருப்பாள். பெட்டியைத் திருப்பும்போது மட்டும் அவள் உதடு லேசாகச் சிரிக்கும்.

கடைசியில் கேஸ் வந்தது. மறைக்க மாட்டேன், கேஸ் கேஸ்தான். முதல் தாளிப்புக்குக் கடுகு வெடித்தபோது எனக்குச் சொந்த ஊருக்கே போய்விட்டது போலிருந்தது. ஸ்டவ்வைச் சாக்கில் கட்டிப் போட்டேன்.

"அப்பாடா," என்றார் அவர். "அந்தப் பெட்டியைப் பரண்ல ஏத்திடலாம்."

"உங்களைத் தூக்கிப் பரண்ல போடுவேன். அது இருக்கிற இடத்துல இருக்கட்டும்."

யுகாதி வந்தது, போனது. ஒரு நாள் உச்சி வெயிலில் நானும் அவளும் பெட்டி பக்கத்தில் இருந்தபோது அந்த அம்மா மூச்சிரைக்க ஏறி வந்தார். மாப்பிள்ளை வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாராம். துணிமணி எடுத்து வைக்கச் சொன்னாராம் அப்பா.

அவள் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"பயப்படாத கண்ணு. போன உடனே கேஸ் வாங்கித் தரச் சொல்லு. எங்க வீட்ல பார்த்தியே, கேஸ்ல சத்தமே வராது. ஸ்டவ்வு பக்கமே போகாத."

"சத்தத்துக்கு இல்லக்கா," என்றாள்.

குரல் கரகரவென்று, வெகுநாள் பூட்டிக் கிடந்த கதவு மாதிரி வந்தது.

"சீமெண்ணெய் வாசனைக்குத்தான் பயம். அங்க கேஸ்தான் அக்கா. எங்க வீட்டு கனெக்‌ஷனையே அப்பா எனக்குச் சீரா குடுத்தாரு. அந்த வீட்ல ஸ்டவ்வே கிடையாது."

ஸ்டவ்வே இல்லாத வீட்டுக்குச் சீமெண்ணெய் எப்படி வந்தது? எதற்கு வந்தது?

திரும்பிப் பார்த்தால் படிக்கட்டின் மேல்படியில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"கேட்டீங்களா?" என்றார் அந்த அம்மா. "ஸ்டவ்வே இல்லியாமா."

"தெரியும்," என்றார் அவர். சத்தம் போடவில்லை, கோபப்படவில்லை. "நானே போயி கேஸ் அடுப்பு மாட்டிக் குடுத்துட்டு வந்தவன். எனக்குத் தெரியாதா? இவளுக்குப் பின்னாடி இன்னொருத்தி கல்யாணத்துக்கு நிக்கிறா. போலீசு கோர்ட்டுன்னு போனா நம்ம வாசப்படி யாரு ஏறுவா?"

"எனக்குந் தெரியுமுங்க," என்றார் அந்த அம்மா. "இவ வாயில இருந்து வரட்டும்னுதான் கெடந்தேன். வந்திருச்சு."

ஐயோ கடவுளே! இத்தனை மாதமாக ஒரே வீட்டில் மூன்று பேரும், இல்லாத ஒரு ஸ்டவ்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டும் கேட்டுக்கொண்டும் சாப்பிட்டுப் படுத்து எழுந்திருக்கிறார்கள். நிஜமாகவே ஒரு பேயைப் பார்த்திருந்தால்கூட எனக்கு அப்படி நடுங்கியிருக்காது.

"நானு ஹோகல்லப்பா," என்றாள் அவள். பள்ளிக்கூடத்தில் படித்த கன்னடத்தில்தான் வந்தது, போகமாட்டேன் என்று.

"போயிச் சொல்லுங்க," என்றார் அந்த அம்மா. "நீங்க சொல்றீங்களா, நான் வந்து சொல்லட்டுங்களா?"

அவர் செருப்பில்லாமல் கொதிக்கிற தரையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நாங்கள் மூன்று பேரும் கைப்பிடிச் சுவரருகே வந்து நின்றோம். கொஞ்ச நேரத்தில் அந்த மாப்பிள்ளை சந்துக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, வகிடெடுத்து வாரிய தலை, கொண்டு வந்த சாத்துக்குடிப் பை அப்படியே கையில். விஷயம் தெரியாமல் பார்த்திருந்தால், நல்ல பையன் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

அவள் முக்காட்டைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள். அந்த வெயிலில் முழு முகத்தோடு, அவன் கண்ணுக்கு நேராக நின்றாள். அவன் உடனே தலையைக் குனிந்துகொண்டு சந்தைத் தாண்டிப் போய்விட்டான். கண்ணிலிருந்து மறைகிறவரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.