ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்குப் பூட்டிய சப்வூஃபர்கள்

நேற்று வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கடையொன்றில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு முச்சக்கரவண்டி பாட்டை அலறவிட்டபடி கடந்துபோனது. என்ன பாட்டென்று விளங்கவில்லை; மேசை மட்டும் அதிர்ந்தது. பக்கத்திலிருந்தவர் முகம் சுளித்தார். இந்த இரைச்சலுக்கு நன்றி சொல்லுகிற ஆள் கொழும்பிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, துறைமுகப் பக்கம் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில் எனக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. பக்கத்து மேசை அன்ரன்தான் ஒரு ஞாயிறு கொட்டாஞ்சேனையில் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனான். அதன்பிறகு நான் ஞாயிறுகளில் தனியாகச் சாப்பிட்டதில்லை. அவனிடம் ஒரு பழைய வேன் இருந்தது. ஸ்டெல்லா என்று ஒரு தங்கையும் இருந்தாள். பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாதா கோயிலில் பாடுவார்கள், வீட்டில் பைலாப் பாட்டுப் போட்டு ஆடுவார்கள், கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் ஒன்றும் கேட்காதே என்று அன்ரன் மறுகினான். கடைசியில், வேனின் பின்சீட்டுக்குக் கீழே இரண்டு சப்வூஃபர், அடித்தொனியை அதிரவைக்கும் பெரிய ஸ்பீக்கர்கள், பூட்டுவதென்று முடிவெடுத்தான். காதால் வராதது முதுகால் வரட்டும்.

எங்களுக்குப் பூட்டத் தெரியும் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். ஒவ்வொரு சப்வூஃபரிலும் இரண்டு சுருள்; சுருளுக்கு நாலு ஓம் தடை. அவற்றை ஓட்ட அம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று. சீட்டுக்கடியில் தலையை விட்டபடி அன்ரன் கேட்டான்: "அம்ப் எத்தனை ஓம், மச்சான்?"

எனக்குக் கடைசிச் சொற்கள்தான் கேட்டன. "ஓம்," என்றேன்.

"எத்தனை?"

"ஓம் எண்டுதானே சொல்லுறன்."

எங்கள் ஊரில் ஆமென்பதற்குச் சொல்லும் ஓமை இப்படியொரு மின் அளவாக்கிய விஞ்ஞானியைச் சொல்லவேண்டும். அம்ப் நாலுக்குக் கீழே தாங்காது. நாங்களோ நாலு சுருளையும் சமாந்தரமாக இணைத்து, தடையை ஒரு ஓமுக்கு இறக்கிவிட்டோம். பாட்டைப் போட்டதும் அந்தக் குறுந்தெரு, ஒழுங்கை முழுவதுமே அதிர்ந்தது, பெருமையில் நின்றோம். ஸ்டெல்லா குனிந்து அம்பில் கைவைத்தாள். வெடுக்கென்று எடுத்து, விரலை ஊதிக் காட்டி, எட்டிச் சாவியைத் திருப்பி நிறுத்தினாள். கருகல் வாசனை எங்களுக்குப் பிறகுதான் வந்தது.

நல்லகாலம், அம்ப் தப்பியது. மறுபடி கழற்றி, ஒவ்வொன்றிலும் உள்ள இரண்டு சுருளையும் தொடராக்கினோம், எட்டு ஓம். இரண்டு எட்டையும் சமாந்தரமாகச் சேர்க்க, நாலு. ஆனால் அதிர்வு குறைந்துவிட்டது. இது அவளுக்குக் காணாது என்று அன்ரன் சோர்ந்துபோனான். ஸ்டெல்லா உள்ளங்கையைச் சீட்டில் பதித்துக் கண்மூடி இருந்தாள். பிறகு அவள் கால் தாளத்தோடு அசையத் தொடங்கியது. கைகளால் ஏதோ சொன்னாள்.

"முன்னம் எல்லாம் ஒரே நடுக்கமாம்," என்றான் அன்ரன். "இப்ப ஒண்டொண்டா வருதாம்."

கல்யாணத்தன்று கோயிலிலிருந்து திரும்பும்போது வேனை நான்தான் ஓட்டினேன். அவள் மாப்பிள்ளையின் கையை எடுத்துச் சீட்டில் வைத்து, மேலே தன் விரலால் தாளம் போட்டுக் காட்டியதைக் கண்ணாடியில் பார்த்தேன். வீட்டு வாசலில், நான் யாரென்று கேட்ட மாப்பிள்ளை வீட்டாருக்கு அன்ரனின் அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "எங்கட மற்ற மகன்."

பிற்காலத்தில் அன்ரன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இத்தாலிக்குப் போய்விட்டான். ஸ்டெல்லா நீர்கொழும்பில் இருக்கிறாள். அவள் இருந்த காலத்தில் அந்த ஒழுங்கை முழுவதும் கையால் கதைத்தது. பாண் ரொட்டி விற்பவர், முச்சக்கரவண்டிக்காரர், எதிர்வீட்டுச் சண்டைக்காரி எல்லாரும். போன மாதம் அந்தப் பக்கம் நடந்தேன். வீடுகள் இருந்த இடத்தில் மாடிக்கட்டடம் நிற்கிறது. பக்கத்துக் கடையில் என்னையறியாமல் உள்ளங்கையைக் குறுக்கே வெட்டிக் காட்டினேன். அரை றாத்தல் பாண் என்று அர்த்தம்.

புதிய கடைக்காரர் என்னையே பார்த்தார். "என்ன வேணும் அய்யா, சொல்லுங்க," என்றார்.

வாயால் சொல்லி வாங்கினேன்.