அம்மாவின் அங்க அடையாளம்

எங்கள் வீட்டில் மாலத்தீவை யாரும் மாலத்தீவு என்று சொன்னதில்லை. மாலி என்போம். அப்பா சரக்குத் தோணியில் போன இடம். தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் செங்கலும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு போவார்கள். திரும்பும்போது அவர் மாசி கொண்டு வருவார். சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்தது அது. விறகுக் கட்டை மாதிரி இருக்கும், கத்தி இறங்காது, இடித்துத்தான் சம்பலுக்குப் போட வேண்டும். இரண்டு நாள் வீடெல்லாம் மாசி மணக்கும். மூன்றாம் நாள் அம்மாவுக்கு அடி விழும். குழம்பில் உப்பு, வாசலில் யாரோ சிரித்தது, பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய மார்க், எது வேண்டுமானாலும் காரணம். அடித்து முடித்ததும் அடுக்களைக்குப் போய்க் கை கழுவுவார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் நானும் தம்பியும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வருவோம்.

அப்பா மேல் எனக்குத் துளி பாசம் கிடையாது. இதை எழுத எனக்கு வெட்கமும் இல்லை. என் கோபம் மட்டும் அவர் கொடுத்தது. துறைமுகத்துப் பக்கம் நான் வேலை பார்க்கிற கப்பல் ஏஜென்சி ஆபீஸில், என் இடுப்பைத் தொட்ட ஒருத்தனை ஸ்டாப்ளரால் அடித்து மண்டையை உடைத்திருக்கிறேன். மூன்று தையல். அன்று முழுக்க என் கை சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பயம்.

போன வருடம் தம்பி லீவில் வந்தான். வெளிநாட்டுக் கப்பலில் இன்ஜினியர். "அம்மாவை மாலிக்குக் கூட்டிட்டுப் போவோம்க்கா, திருவனந்தபுரம் போய் ஃப்ளைட் ஏறினா கண்ண மூடித் திறக்கதுக்குள்ள போயிரலாம்" என்றான். போனில் படம் காட்டினான். கடலுக்கு மேல் கால் ஊன்றி நிற்கிற மர வீடுகள், அடியில் மணல் தெரிகிற தண்ணீர். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வேளாங்கண்ணியைத் தாண்டி எங்கும் போகாதவள். எதை வாங்கித் தந்தாலும் "எனக்கு என்னத்துக்கு" என்பவள். அன்றைக்கு, "அந்தத் தண்ணிக்குள்ள சேலையோட இறங்க விடுவாங்களா?" என்று கேட்டாள். நான் அசந்துபோனேன். அம்மா ஒன்றுக்கு ஆசைப்பட்டு அதுவரை நான் பார்த்ததே இல்லை. அன்று சாயங்காலமே கடைக்குப் போய் அவளுக்கு ஒரு சுடிதார் வாங்கி வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்தாள்.

அப்பாவை விட்டுவிட்டுப் போகலாம் என்று நான் சொன்னேன். தம்பிக்கு மனசு வரவில்லை. "வயசாயிட்டுல்லா, இப்பம் மாறிட்டாருக்கா" என்றான். எங்கே மாறினார்? கை ஓங்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும், மேசையில் லேப்டாப்பை விரித்து அம்மாவுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன். அப்பாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மாலியைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்!

"அங்கன என்ன இருக்கு? மணலும் உப்புத்தண்ணியும். இவ வந்து என்னத்தக் கிழிக்கப் போறா? நாம மூணு பேரும் போவோம். இவ வீட்டுக்குக் காவல் கெடக்கட்டும்."

எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "நானும் வாரேன்" என்றாள்.

"என்னது?"

"நானும் வாரேன்னு சொன்னேன்."

அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. பேச்சை மாற்றலாம் என்று நான் அவசர அவசரமாக அடுத்த கேள்வியை வாசித்தேன். "அம்மா, அங்க அடையாளம் என்ன போட?" முட்டாள் நான்! அதையா வாசிக்க வேண்டும்?

அப்பா சிரித்தார். "நெத்தியில தழும்புன்னு போடு. பாத்தாலே தெரியுதுல்லா."

அம்மாவின் இடது புருவத்துக்கு மேல் இருக்கிறது அது. எனக்கு ஒன்பது வயதில், அப்பா ஒரு முழு மாசியை எடுத்து வீசினார். புருவம் பிளந்து, ரத்தம் கண்ணை மறைத்து, அம்மா சுவரைத் தடவித் தடவி வெளியே நடந்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, அம்மிக் கல்லில் விழுந்துவிட்டேன் என்றாள். நான் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினேன்.

"தழும்பு யாரு போட்டதுன்னும் எழுதட்டுமா?" என்றேன்.

எவர்சில்வர் செம்பு என் முகத்துக்குப் பறந்து வந்தது. குனிந்தேன். காது மடலைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. "ஏளா, பெத்த அப்பனையா கேள்வி கேக்க?" என்று எழுந்தவர், கேள்வி கேட்ட என்னை விட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் அம்மாவின் முடியைப் பிடித்தார். அவள் தலையை மேசையில் இடித்தார். தட்டுகள் சிதறின.

மாறிவிட்டார் என்று சொன்ன தம்பிதான் பாய்ந்தான். ஒரே கையால் அப்பாவின் தொண்டையைப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினான். இன்ஜின் ரூமில் இரும்போடு மல்லுக்கட்டுகிற கை. அப்பாவின் கால் தரையைத் துழாவியது. முகம் கறுத்தது, கண் பிதுங்கியது. என் காதிலிருந்து ரத்தம் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. "விடாதலே! அமுக்கு!" என்று கத்தினேன். மனதாரத்தான் கத்தினேன்.

அம்மா அவன் கையில் தொங்கிப் பார்த்தாள். பிரிக்க முடியவில்லை. குனிந்து அவன் முழங்கையைக் கடித்தாள். அவன் அலறிக்கொண்டு விட்டான். அப்பா சரிந்து விழுந்து இருமினார்.

"இன்னுமா இந்த ஆளு மேல ஒனக்குப் பாசம்?" தம்பி அழுதுவிட்டான்.

"பாசமா?" அம்மா அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்தாள். நெற்றி வீங்கியிருந்தது. "கூறுகெட்ட பயலே, இந்த மனுசன் இப்பம் செத்தா நீ ஜெயிலுக்குப் போவ. நான் துட்டி வீட்டுக்காரியா ஒரு வருசம் வாசப்படி தாண்டாமக் கெடக்கணும். அப்புறம் நான் எங்க மாலிக்குப் போறது?"

அப்பா சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. துணியை நனைத்து வந்து என் காதில் வைத்து, "அமுக்கிப் பிடி" என்றாள். அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அடுத்து என்ன கேக்கான்?"

"புருசன் பேரு."

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தாள்.

"போட்டுக்கோ" என்றாள். "பேரு மட்டும் நம்மகூட வரட்டும்."