புங்க மரத்தடிப் புகைப்படம்

1. அடைத்த சன்னல்

முள்ளிப்பட்டில் ஒரு பட்டுத்தறிக் கூடத்தில் நான் மேஸ்திரியாக இருந்தபோது, முதலாளி ஒருநாள் கொத்தனாரை அழைத்து, புங்க மரத்தைப் பார்த்திருந்த சன்னல்கள் அனைத்தையும் செங்கல் வைத்து அடைக்கச் செய்தார். காரணம் கேட்டேன்.

"வேடிக்க பாத்துகினு கெடக்கறாங்க மேஸ்திரி. கண்ணு தறி மேல இருக்கட்டும். டியூப் லைட் போட்டுக் குட்த்துட்டனே, இன்னா கொற?"

அதற்குச் சற்று முன்புதான், தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை இயந்திரத்திலேயே தயாரித்துத் தரும் மிஷின் பாவு வந்திருந்தது. அதுவரை விடியற்காலையில் எல்லோரும் மரத்தடியில் பாவை நீட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, உலர்ந்ததும் சுற்றுவோம். கையும் வாயும் சேர்ந்து ஓடும் வேலை அது. அது நின்றபின், காலையில் தறிக்குழியில் காலை இறக்கினால் பொழுது சாய்ந்துதான் எழுவது என்றாயிற்று.

முதலில் தளர்ந்தவள் செல்வி. புடவை உடலோடு வேறு நிறக் கரையைக் கோத்து நெய்யும் கோர்வைக் கரையில் கூடத்தில் அவளுக்கு இணையில்லை. அவளுக்குத் தீராத தலைவலி, உறக்கமும் இல்லை; நெய்த கரை கோணத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் கண்ணில் குறையில்லை என்றும், தினமும் வெளிக்காற்றில் சிறிது நேரம் இருக்கவேண்டும் என்றும் சொன்னார்கள். முதலாளியோ, இனி ஒரு கரை கோணினாலும் தறியை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாக எச்சரித்திருந்தார்.

2. படம் பிடித்த நாள்

சென்னையிலிருந்து ஒரு புடவைக் கடைக்காரர் விளம்பரப் படம் எடுக்க வந்தார். கூடத்தை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "நேச்சுரலா வேணும் சார். மரம், காத்து, அந்த மாதிரி."

முதலாளி ஓடிவந்தார். "மேஸ்திரி, ஜல்தி! ஒரு பாவ எட்த்து மரத்தடியில நீட்டுங்க. எல்லாரும் சிரிச்ச மொகமா நில்லுங்க!"

நீட்டினோம். புங்கம்பூ பாவின் மேல் உதிர்ந்தது. "இங்க ஒரு மரம் இருக்கறது நம்ம மொதலாளிக்கு இன்னிக்கித்தான் தெரிஞ்சிது போல" என்றாள் ஒருத்தி. செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். கேமரா பிடித்தது அந்தச் சிரிப்பைத்தான்.

மாலையில் அவள் என்னிடம் வந்தாள். "மேஸ்திரிண்ணா, இன்னிக்கி தல வலிக்கலீங்கண்ணா."

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. கோபம்தான் வந்தது. அது இன்றும் ஆறவில்லை.

3. மறுநாள்

சன்னல்களைத் திறக்கவும், காலையில் சிறிது நேரம் எல்லோரையும் மரத்தடியில் இருக்கவிடவும் முதலாளியிடம் கேட்டேன்.

"மரத்தடியில ஒக்காந்தா பொடவ தானா நெய்யுமா? பேஜார் பண்ணாதீங்க. அதான் நேத்து வெளிய வுட்டனே."

"நேத்து வுட்டது கேமராவுக்குங்க. செல்விக்கு இல்ல."

"அப்டின்னா அவளக் கூட்டிகினு நீங்களும் கெளம்புங்க."

கிளம்பினோம். ஆரணியில் வேறொருவரிடம் பாவு வாங்கி, வாசல் வேம்பைப் பார்த்தபடி செல்வி தன் வீட்டிலேயே தறி போட்டாள். தலைவலி அடியோடு போயிற்று என்று பொய் சொல்லமாட்டேன். குறைந்தது. உறக்கம் வந்தது. கரை கோணவில்லை.

இளையவர்களே, வேலைக்குச் சேருமிடத்தில் கூலியைக் கேட்குமுன் சன்னல் எங்கே என்று கேளுங்கள். அந்தப் படம் இப்போது சென்னைப் புடவைக் கடையில் ஆளுயரத்துக்கு மாட்டப்பட்டிருக்கிறது. மரத்தடியில் செல்வி சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால், செங்கல் வைத்து அடைத்த சன்னலும் தெரியும். உற்றுப் பாருங்கள்.