பாகம் பிரிக்காத குழாய்

சலவைக் கூடத்தில் அவளைச் ‘சீச்சீ அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர்கள் மேல் தப்பில்லை. கூடத்துக்குள் காலை வைக்கும்போது ஒரு ‘சீ’, மூட்டையின் முடிச்சை அவிழ்க்கும்போது ஒரு ‘சீ’, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தபிறகு நீளமாக இன்னொன்று. லாட்ஜுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை இனம் பிரித்துப் போடுவது அவள் வேலை. தேநீர்க் கறை ஒரு குவியல், எண்ணெய் ஒரு குவியல், ரத்தம் தனி, வாந்தி தனி, இன்னதென்று சொல்ல முடியாதது தனி.

கூட வேலை செய்கிற பெண்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கை போன போக்கில் உருவிப் போடுவார்கள். அப்படி ஒருத்தி உருவியபோதுதான் விரிப்புக்குள் கிடந்த சவர பிளேடு அவள் உள்ளங்கையைக் கிழித்தது. சீச்சீ அக்காவுக்கு இந்த வேலையில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. எல்லாரையும்விட அருவருப்பு அதிகம் அவளுக்கு. அதனாலேயே ஒவ்வொன்றையும் விரித்து, உற்றுப் பார்த்து, முகத்தைச் சுளித்து, சீ சொல்லிவிட்டுத்தான் போடுவாள். பாட்டுக் கேட்டால் நாற்றம் போய்விடுமா என்று கேட்பாள். யாரும் பதில் சொல்வதில்லை, காதில்தான் பாட்டு ஓடுகிறதே.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அவளுக்கு அழுக்கு காத்திருக்கும். அது மேலேயிருந்து வரும்.

மாமனார் போனபின் அண்ணனும் தம்பியும் வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மாடி அண்ணனுக்கு, கீழ்வீடு தம்பியான அவள் கணவனுக்கு. மாடிக்கு வெளியே தனியாகப் படி கட்டினார்கள். மின்சார மீட்டரைப் பிரித்தார்கள். துணி காயப்போடும் கம்பியைக்கூட வெட்டிப் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு வீட்டிலும் ஒரு போர்வையை முழுசாகக் காயப்போட வழியில்லாமல் போனது. இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பிரித்தவர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். மாடிச் சமையலறையின் கழிவுநீர்க் குழாய். அது சுவருக்குள்ளேயே இறங்கி, கீழ்வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கும் வளைவில் வந்து சேரும். அங்கிருந்து இரண்டு வீட்டு அழுக்கும் ஒன்றாக வெளியே போகவேண்டும். அடைத்துக்கொண்டால் போகாது. சீச்சீ அக்காவின் தொட்டிக்குள் பொங்கி வரும்.

ஆக, மேல்வீட்டின் ஏற்ற இறக்கம் முழுவதும் அவளுக்கு அத்துப்படி. மூத்தவரின் டயர் கடை ஓகோவென்று ஓடிய காலத்தில் கொழுப்பு வந்தது. வெள்ளையாக உறைந்து தொட்டி ஓரத்தில் அப்பிக்கொள்ளும், சுரண்டினால் நகத்துக்குள் ஏறும். கடை படுத்தபோது வெறும் தேயிலைச் சக்கை வந்தது. பெரிய பையனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததற்கு அவள் ஓரகத்தி, அதாவது மூத்தவரின் மனைவி, வீடு கொள்ளாமல் ஆட்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தாள். கீழ்வீட்டுக்கு அழைப்பு வரவில்லை. விருந்து வந்தது. மறுநாள் காலையில், கேக் கிரீமும் எண்ணெயும் கோழித்தோலும் ஒன்றாகக் கலந்து, முழங்கை நனைகிற ஆழத்துக்கு.

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு அள்ளிக்கொண்டிருந்தபோது, ஓரகத்தி மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி எட்டிப் பார்த்து, “நம்ம குழாய் அடைச்சிடுச்சு போல. ஆளைக் கூப்பிட்டுப் பாரேன்” என்றாள்.

அள்ளிய அழுக்கைவிட அந்த ‘நம்ம’தான் அவளுக்கு நாறியது. ஓரகத்தியின் வாயில் நல்லதெல்லாம் ‘நாங்க’ என்று வரும். நாங்க கார் வாங்கினோம், நாங்க பையனை அனுப்பி வைக்கிறோம். செலவோ நாற்றமோ வந்துவிட்டால் மட்டும் ‘நாம’ ஆகிவிடும். நம்ம குழாய், நம்ம மாமனார் வைத்துவிட்டுப் போன கடன், நம்ம வீட்டு எலி.

“நேத்து கறி உங்களுது. இன்னிக்கு எலும்பு மட்டும் நம்மளுதாக்கா?”

கீழேயிருந்து அவள் கேட்டது இவ்வளவுதான். ஓரகத்தி முகத்தை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றோடு பேச்சு நின்றது. குழாய் நிற்கவில்லை.

அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஊரில் எல்லாரையும் மேலேயும் கீழேயும் கொண்டுபோய் விடுகிற மனுஷன் சொந்த அண்ணன் வீட்டுப் படியை மிதிக்கமாட்டான். பிரச்சினை என்று எதைச் சொன்னாலும் ‘விடு’ என்பான், செல்போனை எடுத்துக்கொள்வான். எதை விடுவது, எங்கே விடுவது என்று அவள் கேட்டால் அதற்கும் ‘விடு’தான். இவனோடு குப்பை கொட்டுவதற்கு மேல்வீட்டுக் குப்பையே தேவலை என்று அவளுக்குத் தோன்றியதுண்டு.

போன மழைக்காலத்தில், கடை ஷட்டரை இழுத்து மூடும்போது மூத்தவர் அப்படியே சரிந்தார். அத்தோடு முடிந்தது. சேதி கேட்டு அவள் படியேறிப் போனாள். கூடம் நிறைய ஆட்கள். ஓரகத்தியின் கையைப் பிடித்து, மனசைத் தேத்திக்கோ, நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்லிவிட்டு, அந்தக் கையை விடாமலே கைக்கடிகாரத்தைப் பார்த்தார் ஒருவர். இன்னொருத்தி அழுதுகொண்டே ஜன்னல் திரை எந்தக் கடையில் வாங்கியது என்று பக்கத்தில் விசாரித்தாள். லாட்ஜ் விரிப்புகள் எவ்வளவோ மேல் என்று எண்ணிக்கொண்டு, சீச்சீ அக்கா நேரே சமையலறைக்குப் போய், குவிந்து கிடந்த டம்ளர்களில் கை வைத்தாள்.

வாசலில் ஓரகத்தி வந்து நின்றாள். “விட்டுடு. நாங்க பார்த்துக்கறோம்” என்றாள்.

கெட்டதுக்கும் அவள் ‘நாங்க’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வருஷக்கணக்காக அந்த ‘நாம’வைக் கண்டு எரிந்தவளுக்கு, அது பறிபோனதும் சுருக்கென்று இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள். அன்று முழுக்க நாக்கில் ஒரு கசப்பு.

பிள்ளைகள் வந்தார்கள், இருந்தார்கள், விமானம் ஏறினார்கள். அதற்குப் பிறகு குழாயில் சோறு வர ஆரம்பித்தது.

பருக்கைகள் தொட்டிக்குள் மிதந்து வந்தன, தண்ணீர் வடிந்தபிறகு அடியில் ஊறிப் பருத்துக் கிடந்தன. வேலை முடிந்து வருவதற்குள் புளித்துவிடும். அந்தப் புளித்த வாடை அடுப்பில், துணியில், குடிக்கிற தண்ணீரில் எல்லாம் ஏறியது. தினமும் சோற்றைக் கொட்டுகிறாளே, என்ன திமிர் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவனைக் கரித்துக் கொட்டி, கடைசியில் அவனே குழாய்க்காரரை அழைத்து வரும்படி செய்துவிட்டாள். மேல்வீட்டுக்குத் தனிக் குழாய், சுவருக்கு வெளியே. தன் தொட்டிக்கு வரும் வழியை வெட்டி, சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவது. இதோடு இந்த வீட்டில் பிரிக்கவேண்டியது எதுவும் மிச்சமிருக்காது.

குழாய்க்காரர் வந்து, வெட்டவேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். தொட்டிக்கு அடியில் வாளியை வைத்து வளைவைத் திருகிக் கழற்றினார். கொழகொழவென்று சாம்பல் நிறத்தில் ஒன்று இறங்கியது. குழாய்க்காரரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கணவன் செல்போனோடு வாசலுக்கு நழுவினான்.

சீச்சீ அக்கா குனிந்தாள். மூட்டை எதுவானாலும் பார்த்துத்தானே போடுகிறவள். “சீ” என்றாள். ஒரு குச்சியை எடுத்துக் கிளறினாள்.

எச்சில் சோறு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தட்டிலிருந்து வந்தது என்றால் ஒதுக்கின மிளகாய் இருக்கும், கடித்த துண்டு இருக்கும், பிசைந்து விட்ட கவளம் இருக்கும். இதில் அதெல்லாம் ஒன்றுமில்லை. பருக்கை பருக்கையாகச் சோறு. வெட்டின வாக்கில் சதுரம் சதுரமாகக் காய். அவித்த முட்டை இரண்டாக அரிந்தபடி அப்படியே. அடியில் ஊறிக் கறுத்தது முதல் மேலே கிடந்த புதுசு வரை எல்லாம் வாயைப் பார்க்காத சோறு.

அவள் நிமிர்ந்தாள். “கொஞ்சம் இருங்க” என்று குழாய்க்காரரிடம் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டாள். வாசலில் நின்ற கணவன் எங்கே போகிறாய் என்று கேட்டான். அவள் மாடிப்படியைப் பார்த்து நடந்தாள். “விடு” என்றான். வாளி அலம்பி அவன் காலில் தெறித்தது. அவள் நிற்கவில்லை.

மேல்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. ஜன்னல் திறக்காத அறையின் நாற்றம், வாராத தலையின் நாற்றம், மடிக்காத படுக்கையின் நாற்றம். மேஜையில் தண்ணீர் ஜாடிக்கு முட்டுக்கொடுத்து செல்போன் நிறுத்தியிருந்தது. அதற்கு எதிரே ஒரு தட்டு நிறையச் சோறும் குழம்பும், பக்கத்தில் காய். தட்டுக்கு முன்னால் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வளையல் முழங்கைவரை இறங்கி ஏறியது.

சீச்சீ அக்கா வாளியைத் தரையில் வைத்தாள். “உங்க சோறு” என்றாள்.

ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். மூக்கைக்கூடப் பொத்தவில்லை. ஆமாம் என்று தலையசைத்தாள்.

“ஏன்க்கா கொட்டறீங்க?”

“பசங்க கூப்பிடுவாங்க. சாப்பிட்டியாம்மான்னு கேப்பாங்க. தட்டைக் காட்டணும். பார்த்ததும் நிம்மதியா வெச்சுடுவாங்க.” சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “வாய்கிட்ட கொண்டுபோனா குமட்டுது. அவர் சட்டையெல்லாம் டயர் நாத்தம் அடிக்கும்னு தினம் திட்டுவேன். இப்ப சோத்துல அந்த நாத்தம் அடிக்குது.”

அக்கம்பக்கத்தில் யாரிடமாவது சொன்னாளா என்று கேட்டதற்கு, வருகிறவர்கள் எல்லாரும் ஜன்னலைப் பார்க்கிறார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள், தைரியமாக இரு என்கிறார்கள், போய்விடுகிறார்கள் என்றாள். நாறுகிறது என்று ஒருத்தர் சொல்லவில்லையாம்.

“நாறுது” என்றாள் சீச்சீ அக்கா. “வயித்தைப் புரட்டுது.”

சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். வந்து எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் நகர்த்தினாள். அந்த வாளியைக் கிளறின அரைமணிக்குள் அந்த அறையில் உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்கு ஒன்றும் சந்தோஷமாக இல்லை. ஆனால் தினமும் மத்தியானம் சலவைக் கூடத்தில் அவள் அப்படித்தான் சாப்பிடுகிறாள். விரிப்பை நினைத்தால் இறங்காது. வாயில் இருப்பதை மட்டும் பார்த்து, மென்று, விழுங்கி, பிறகு அடுத்தது. ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். முகம் கோணியது.

“சீ. ஒரே உப்பு.”

ஓரகத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சமையலில் அவளை எதற்கு வேண்டுமானாலும் குறை சொல்லலாம், உப்புக்கு மட்டும் யாரும் சொன்னதில்லை. மாமனார் காலத்திலேயே அவள் கையளவுக்குப் பேர் இருந்தது.

“உப்பா? என் குழம்புலயா?”

“நாக்கு இருந்தா பாருங்க.”

ஓரகத்தி தட்டை வெடுக்கென்று இழுத்து, ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டாள். இரண்டு முறை மென்றாள். முகம் அப்படியே சுருங்கியது.

“சீ” என்றாள்.

விழுங்கியும் விட்டாள். விழுங்கியது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. ருசி பார்க்காமல் சமைத்ததில் இரண்டு தடவை போட்டுவிட்டேன் போல என்று முனகினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. உப்பினாலா என்று சீச்சீ அக்கா கேட்கவில்லை. எழுந்துபோய்ப் பானையிலிருந்து வெறும் சோற்றை அள்ளி வந்து தட்டில் கொட்டிக் கிளறினாள். இருவரும் ஒரே தட்டில், ஆளுக்கொரு பக்கமாக, முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். நடுவில் ஓரகத்திக்குக் குமட்டியது. எதிரே இருந்தவள் முதுகைத் தடவவில்லை, தண்ணீரை மட்டும் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

செல்போன் அடித்தது. பெரிய பையன் முகம் தெரிந்தது. சாப்பிட்டாயா என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் ஓரகத்தி, “சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்டா. அப்புறம் கூப்பிடு” என்று சொல்லி, செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கீழேயிருந்து குழாய்க்காரர் குரல் கொடுத்தார். “அம்மா, வெட்டவா, வேணாமா?”

சீச்சீ அக்கா ஓரகத்தியைப் பார்த்தாள். ஓரகத்தி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக எட்டி, வளைவை மாட்டிவிட்டுப் போகலாம் என்று இவள் சொன்னாள். வந்ததற்கு அவர் கூலி கேட்டார். கீழே ஒரு ஆள் செல்போனோடு நிற்பார், அவரிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

அதன்பிறகு சாயங்காலம் வேலை முடிந்ததும் அவள் நேரே மாடிக்கு ஏறினாள். சமையலைக் குறை சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள். ஓரகத்தி பதிலுக்கு, உன் துணியில் லாட்ஜ் நாற்றம் அடிக்கிறது, குளித்துவிட்டு வரமாட்டாயா என்று கேட்க ஆரம்பித்தாள். சில நாள் நாலு கவளம் இறங்கும், சில நாள் ஒன்றுகூட இறங்காமல் தட்டைத் தள்ளிவிட்டு மூத்தவரைத் திட்டித் தீர்ப்பாள். இவள் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு விடுமுறை நாளில் தொட்டியில் தண்ணீர் மெதுவாக இறங்குவதைப் பார்த்து, சீச்சீ அக்கா வாளியை வைத்து வளைவைக் கழற்றினாள். வழக்கமான சேறு, தேயிலை, கொழுப்பு. அதற்குள் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துக் குழாயடியில் கழுவினாள். சின்ன எலும்புத் துண்டு. நுனியைப் பல்லால் நொறுக்கி, உள்ளே ஒரு துளி விடாமல் உறிஞ்சியிருந்தது.

“சீ” என்றாள்.

செல்போனிலிருந்து நிமிர்ந்த கணவன், நாம் கறி வாங்கிப் பத்து நாள் ஆகிறதே, இது யார் வீட்டு எலும்பு என்று கேட்டான்.

“நம்மளுதுதான்” என்றாள்.